என் பெயருக்கு வாங்கிய அரிசி

சம்பளத்தன்று பள்ளிக்கூட வாசலில் அண்ணன் நிற்பான். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பான். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிய முப்பத்திரண்டு ரூபாயும் என் கையில் ஐந்து நிமிஷம் இருந்தால் அதிகம். அவன் எண்ணுவான், மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பான், பிறகு நாலணாவை எடுத்து என்னிடம் நீட்டுவான். என் சம்பளத்திலிருந்து எனக்கே தருமம்! மற்ற டீச்சர்மார் பார்க்க மூன்று வருஷம் அந்த நாலணாவைக் கைநீட்டி வாங்கினேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. தூத்துக்குடியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மா சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தாள். அண்ணனுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீஸில் குமாஸ்தா வேலை. அவன் வீட்டில் அவனும் அவன் மனைவி மைனியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் நானும் இருந்தோம். என் சம்பளத்தை எதற்கு வாங்குகிறான் என்று யாராவது கேட்டால் அண்ணன் முகத்தைப் புனிதமாக வைத்துக்கொண்டு, "அவ கல்யாணத்துக்குத்தான் சேத்து வைக்கேன்" என்பான். சேர்த்து வைத்ததை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு மாதாமாதம் அதிலிருந்து ஐந்து ரூபாய் மணியார்டர் போகும், அதுவும் அவன் பெயரில். அம்மா பதில் எழுதுவாள்: 'என் மகன் என்னை மறக்கவில்லை.' அந்தக் கடிதங்களை அவளுக்காக எழுதிக்கொடுத்த ஊர்க்கோயில் உபதேசியார்மீதுகூட எனக்குக் கோபம் வந்ததுண்டு.

ஒரு சித்திரை மாதத்தில் என் செருப்பு வார் அறுந்தது. இரண்டு முறை தைத்தாகிவிட்டது, மூன்றாம் முறை தைக்க அதில் தோல் இல்லை. அண்ணனிடம் கேட்டேன். "வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் எம்புட்டு தூரம்ளா? நாலு எட்டு. அதுக்கு ஒரு செருப்பா?" என்றான். அந்த வாரமே பழைய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். வெயிலில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனேன். மத்தியான இடைவேளையில், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், பழைய வருகைப் பதிவுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தை எடுத்து நான் தனியாக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். கொப்புளம் வந்த காலை மேஜைக்கு அடியில் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டேன்.

முதலில் தசமபாகத்தை எழுதினேன். சம்பளத்தில் பத்தில் ஒன்று தேவனுக்கு என்று வளர்ந்தவள், வேறு எதையும் முதலில் எழுதக் கை வராது. மூன்று ரூபாய் மூன்று அணா. அம்மாவுக்கு எட்டு ரூபாய், என் பெயரில். அறை வாடகை நாலு ரூபாய். அரிசி, பருப்பு, மீன், மற்ற சாமான் எல்லாம் சேர்த்து ஒன்பது. துணிக்கும் செருப்புக்கும் மாதம் இரண்டு ஒதுக்கினேன். எண்ணெய் சோப்புக்கு ஒரு ரூபாய், தபாலுக்கும் பேனா மைக்கும் எட்டணா. கூட்டிப் பார்த்தேன். நாலு ரூபாய் ஐந்து அணா மிச்சம்! இரண்டு தடவை மறுபடி கூட்டினேன். மிச்சம் இருக்கத்தான் செய்தது. இத்தனை நாள் நான் இன்னொருவன் தயவில் பிழைக்கிறேன் என்று நம்பவைத்திருந்தார்களே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு விதவையம்மாள் அறை வாடகைக்கு விடுவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வேதக்காரப் பரதவர் வீடு, அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போய் மூச்சடைத்துச் செத்தவர். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வலை பின்னியும் கருவாடு விற்றும் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் அறையைப் பார்க்கப் போனபோது, "வாடகை தருவியா, ஏமாத்துவியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கணக்குப் போட்ட தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏளா டீச்சரு, பச்சை அரிசியவா மெல்லப் போற? வெறவு எங்க?"

விறகை நான் எழுதவே இல்லை.

"தண்ணி? இங்கன கெணத்துத் தண்ணிய வாயில ஊத்த முடியாது. குடத்துக்குக் காசு குடுத்துதான் வாங்கணும். காப்பிக்கு இனிப்பு? கருப்பட்டி யாரு தருவா, உங்க மாமனா?"

கருப்பட்டியையும் நான் எழுதவில்லை. என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. பனங்காட்டுக்காரி போட்ட கணக்கு அது. எங்கள் ஊரில் மட்டையும் ஓலையும் பன்னாடையும் அடுப்புக்கு முன் தானாகக் குவிந்து கிடக்கும். கருப்பட்டி பானையில் இருக்கும், எடுத்துக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். பாய், பெட்டி, முறம் எதற்கும் ஒருவரும் விலை சொல்லி நான் கேட்டதில்லை. பனை கொடுக்கிறது என்று சொல்வோம். அப்பன் பனை ஏறி இறங்கி நெஞ்சுத் தோல் காய்த்துப் போனதுதான் அந்த விலை, அண்ணனும் நானும் படித்ததும் அதில்தான் என்று, கருவாட்டு நாற்றம் அடிக்கிற அந்த வீட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

விறகு இரண்டு ரூபாய், தண்ணீர் ஒரு ரூபாய், கருப்பட்டி பன்னிரண்டணா என்று அந்த அம்மாளே விரல் மடக்கிச் சொன்னாள். எழுதிக் கழித்தேன். மிச்சம் ஒன்பது அணா. "ஒம்பதணா மிச்சம்னா நீ ராணிதான், வா" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்த ஆனி மாதத்தில், சம்பளத்தன்று, வேப்பமரத்தடியில் நின்ற அண்ணனிடம் வெறுங்கையைக் காட்டினேன். தனியாக இருக்கப் போகிறேன், சம்பளம் இனி என்னிடம்தான் இருக்கும் என்று சொன்னேன். தெருவென்றும் பார்க்காமல் கத்தினான். "வயசுப் பொண்ணு தனியா இருந்தா ஊர்ல என்னளா பேசுவாவ? எவன் உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றான். தலைமை டீச்சரம்மாவுக்குத் தெரியும், அவர்கள் பார்த்துச் சம்மதித்த இடம்தான் என்றேன். அதற்குமேல் அவன் கத்தவில்லை. அந்த அம்மா சபைக்கமிட்டியில் இருப்பவர், இவன் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்க ஆசைப்படுபவன்.

மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது கேட்டேன்: "அண்ணே, ரேஷன் கார்டுல என் பேரை எடுத்துத் தரணும்லா?"

அண்ணன் திடீரென்று குரலைத் தணித்துக்கொண்டான். "பேரு இங்கனயே கெடக்கட்டும்ளா. கோவம் தணிஞ்சு நீ திரும்பி வரும்போது சோறு வேணும்லா?" என்றான். மைனி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.  எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் என்ன இருந்தாலும் அண்ணன்தான் என்று நினைத்தேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

முதல் சனிக்கிழமையே உறைத்துவிட்டது. அப்போது அரிசி காசு கொடுத்தால் கிடைக்கிற பண்டம் இல்லை. கார்டில் பெயர் இருக்கவேண்டும், வாரம் ஒரு தடவை கார்டைக் காட்டித்தான் வாங்க முடியும். ஒரு ஆளுக்கு இத்தனை என்று அளந்து போடுவார்கள். என் திட்டத்தில் அரிசிக்கு எழுதியது அந்த ரேஷன் விலைதான். கார்டில்லாமல் வாங்க வேண்டும் என்றால் ஒளித்து விற்கிறவனிடம் போகவேண்டும். அவன் மூன்று மடங்கு கேட்பான், கல்லும் தாராளமாகச் சேர்ந்திருக்கும். ஒன்பது அணா மிச்சம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அடுத்த மாதம் செருப்புக் காசு போயிற்று. அதற்கடுத்த மாதம் தசமபாகத்தில் கை வைத்தேன். கோயிலில் காணிக்கைப் பை வரும்போது கையை மூடி உள்ளே விட்டு, ஒன்றும் போடாமல் எடுத்தேன். அம்மாவின் எட்டு ரூபாயை மட்டும் விடவில்லை. அதை விட்டால் அண்ணன் ஜெயித்துவிடுவான்.

மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி சாளை மீனும் கொஞ்சம் கஞ்சியும். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டதுண்டு. வீட்டுக்கார அம்மாள் சில நாள் ஒரு கிண்ணம் சோற்றைக் கொண்டுவந்து, "மிஞ்சிப்போச்சு" என்று வைத்துவிட்டுப் போவாள். ரேஷன் சோறு யார் வீட்டில் மிஞ்சும்?

ரேஷன் ஆபீஸுக்கு மூன்று முறை போனேன். அங்கே இருந்த குமாஸ்தா கெட்டவர் இல்லை, அதனாலேயே அவர்மேல் இன்னும் எரிச்சல். "குடும்பத் தலைவர் கையெழுத்து வேணும்மா. இல்லேன்னா அந்தக் கார்டைக் கொண்டாங்க" என்றார்.

"நான் சம்பாதிச்சு நான் திங்கேன் சார். என் சோத்துக்கு நான் தலைவி இல்லையா?"

பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையேம்மா" என்றார்.

அண்ணனிடம் பாரத்தைக் கொண்டுபோனேன். ஆபீஸ் வாசலில் வைத்து, "வேலை நேரத்துல வந்து நிக்கியே" என்று விரட்டினான். வீட்டுக்குப் போனால், "முதல்ல பெட்டியோட வந்து மன்னிப்புக் கேளு, பெறவு பாப்போம்" என்றான். அம்மாவுக்கு எழுதினேன். 'அண்ணன் சொல் கேட்டு நட' என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் கஞ்சி போட்ட சட்டை மொடமொடக்க எழுந்து நின்று உச்சஸ்தாயியில் பாடுவான். அந்தச் சட்டைக் கஞ்சியில் என் அரிசி எத்தனை பிடி இருக்கும் என்று பாட்டு முடியும்வரை யோசித்துக்கொண்டிருப்பேன். நான் இங்கே கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன். என் பெயர் அங்கே உட்கார்ந்து வாராவாரம் சோறு தின்றுகொண்டிருந்தது.

நாலாவது மாதம் அந்தக் குமாஸ்தாவே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். வீட்டில் இல்லாத ஆளுக்கு அரிசி வாங்குவது குற்றம். ரேஷன் கடையில் கார்டு நீட்டப்படும்போது அந்த ஆளே நேரில் வந்து சொன்னால் கடைக்காரர் பெயரை அடித்துவிட்டு எழுதி அனுப்பியாக வேண்டும். பிறகு தலைவர் கையெழுத்து தேவையில்லை என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அண்ணன் தெருவில் இருந்த ரேஷன் கடைக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதைப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் நிற்க வேண்டும், ஊரே பார்க்க அவன் முகம் தொங்க வேண்டும் என்று எனக்குள் அப்படி ஒரு வெறி. ஆனால் அண்ணன் எந்தக் காலத்தில் வரிசையில் நின்றான்? பெண்கள் வரிசையில் மைனிதான் நின்றாள், சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையையும் கார்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு. அவள் முறை வரும்வரை எதிர்ச்சுவரோரம் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். அவர் கார்டை வாங்கி விரித்ததும் முன்னால் போய்ப் பலகையில் கையை வைத்தேன்.

"அண்ணாச்சி, இந்தக் கார்டுல ஒரு பேரு என்னுது. நாலு மாசமா நான் அந்த வீட்டுல இல்ல. என் பேரைச் சொல்லி அரிசி வாங்கித் திங்காவ. அடிங்க என் பேரை."

சத்தமாகத்தான் சொன்னேன். வரிசை முழுவதும் திரும்பியது. மைனிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. நான் விடவில்லை. "நான் அங்கன கெழங்கைத் தின்னுட்டுக் கெடக்கேன். நல்லா வயிறு நெறைஞ்சுதா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?" என்று அவளைப் பார்த்தே கேட்டேன். அண்ணனுக்கு என்று எடுத்துவைத்த வார்த்தைகளை வீணாக்க மனமில்லாமல் அவள்மேல் கொட்டினேன்.

மைனி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"நான்தாம்ளா தின்னேன்" என்றாள். "உங்க அண்ணன் ரெண்டு நேரமும் சோறு மட்டும்தான் திம்பாவ. குறைஞ்சா தட்டு பறக்கும். பிள்ளைகளுக்குப் போட்டா சட்டி காலி. நீ போன பெறவு உன் பங்கு மிஞ்சுச்சு. அதைத் தின்னேன்."

 அவள் குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "நீ இருக்கும்போது நான் என்ன தின்னேன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

மூன்று வருஷம் நான் அந்த வீட்டில் சாப்பிட்டேன். அவள் பரிமாறுவாள், அண்ணனும் நானும் சாப்பிட்டுக் கை கழுவுவோம். நான் நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுவேன். அவள் எப்போது சாப்பிட்டாள், எதைச் சாப்பிட்டாள் என்று நான் பார்த்ததே இல்லை. இடுப்புப் பிள்ளையைத் தாங்கியிருந்த அவள் கையை அப்போதுதான் பார்த்தேன். வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது.

கடைக்காரர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "என்ன தாயி, அடிக்கவா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கோபம் அப்போதும் அடங்கவில்லை. இறங்கிப்போக எனக்குத் தெரியவில்லை. "அடிங்க" என்றேன்.

"அடிங்க அண்ணாச்சி, அது அவ பங்கு" என்றாள் மைனியும். அவர் கோடு இழுத்தார். மை காய ஊதினார். மைனி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் பேரையும் அடிச்சு இவ கார்டுல போட முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைனி சிரிக்கவில்லை. கடைக்காரர் தயங்கி, "போடலாம் தாயி. எந்த வீட்டுல சோறு திங்கியளோ அந்தக் கார்டுலதான் பேரு இருக்கும். அதுக்கு இவுக சம்மதிக்கணும்லா?" என்றார்.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைனியும் பார்த்தாள். என் அறை இரண்டு பாய் விரிக்கிற அளவுதான். என் முப்பத்திரண்டு ரூபாய் ஒரு ஆளுக்குத்தான். பிள்ளைகள் இரண்டு பேர். இதெல்லாம் நிஜம். இதையெல்லாம் அந்த நேரத்தில் நான் யோசித்தேனா என்றால் இல்லை. இப்போதுதான் ஒரு அறை கிடைத்தது, அதற்குள் இன்னொருத்தி வந்துவிடுவாளோ என்ற பயம் ஒன்றுதான் வந்தது.

"அரிசியை வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க மைனி. அண்ணன் தேடுவாவ" என்றேன்.

கடைக்காரர் ஒரு ஆளைக் குறைத்து அளந்து போட்டார். மைனி பையின் வாயை முறுக்கிப் பிடித்து, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். நான் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை என் பெயருக்குத் தனிக் கார்டு வந்தது. அண்ணன் செத்து எத்தனையோ வருஷமாகிறது, அவன்மேல் எனக்குக் கோபம் இன்னும் குறையவில்லை, குறைத்துக்கொள்ளவும் போவதில்லை. ஆனால் அன்று அவளை அந்தத் தெருவழியே பட்டினிக்குத் திருப்பி அனுப்பியது அவன் இல்லை, நான்.